அடிக்கோலோடு குற்றாலம் போனேன்

தனுஷ்கோடியில் என் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி, காமிராவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் துணியில் சுற்றி வைத்திருந்த மர அடிக்கோலைத்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"அளக்க."

"எதை?"

"சேதத்தை," என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார்.

உண்மையைத்தான் சொன்னேன். கொழும்பில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நான் படம் எடுக்கிறேன். கப்பலில் நனைந்த அரிசி மூட்டை, நசுங்கிய தேயிலைப் பெட்டி, லாரி மோதிய மதில் சுவர், இப்படி. பள்ளம் எவ்வளவு, விரிசல் எவ்வளவு என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டும். அதனால் எதை எடுத்தாலும் பக்கத்தில் ஓர் அடிக்கோலை நிறுத்தி வைத்து எடுப்பது எங்கள் தொழில் முறை. வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். அப்போதுதான் சின்ன நசுங்கல்கூட நிழல் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். பதினெட்டு வருஷம் இப்படியே போயிற்று.

அதற்கு முன்னால் எனக்கு வேறொரு கிறுக்கு இருந்தது. காலிமுகத் திடலில் கடல் மேல் மழை நடந்து வருவதையும், தந்திக் கம்பியில் காகம் ஈரத்தோடு உட்கார்ந்திருப்பதையும் எடுத்துக்கொண்டு அலைவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு மழைப் படத்தை மானேஜரிடம் ஆசையோடு காட்டினேன். நல்ல மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "இது எதை நிரூபிக்கிறது?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். படத்தை உறையில் போட்டுக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன். நாளடைவில் காமிராவைக் கையில் எடுத்தால் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். மழையை எடுப்பது நின்றுபோயிற்று.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் அக்கா மகள் வசந்தா. தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சியிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் குற்றாலலிங்கம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். போட்டோவும் வந்தது. பின்னால் அருவி கொட்டிக்கொண்டிருக்க, முகம் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. வசந்தா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த முகத்துக்குள்ள ஆளே இல்லை," என்று மேசையில் வைத்தாள்.

"மாமா போய் எடுத்துட்டு வரட்டும். உடைஞ்ச பெட்டியை எடுக்கிற மாதிரி எடுக்கட்டும். அதைப் பார்த்துத்தான் சரியா இல்லையான்னு சொல்லுவேன்."

வீட்டில் கொஞ்சம் சத்தம் போட்டார்கள். ஆனால் கடல் தாண்டிப் போய் வாழ வேண்டியவள் அவள். கேட்டதில் தப்பில்லை என்று எனக்குப் பட்டது. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இலஞ்சிக்கு நாங்கள் அனுப்பிய அவளுடைய படத்தை எடுத்தவன் நான். சிறு வயதில் கொதிக்கிற எண்ணெய் கொட்டி அவள் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து சுருங்கியிருக்கும். அக்கா சொன்னபடி அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்து நிற்க வைத்து எடுத்தேன். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. வசந்தாவும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ரயில் தென்காசியை நெருங்கியது. கடையத்தில் ஒருவர் கத்தரிக்காய்ச் சாக்கோடு ஏறி, சாக்கை என் காலடியில் வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார். கொழும்பு என்றதும் முகம் மலர்ந்தது.

"கொழும்புலயா? எங்க மைனி தம்பி அங்கனதான் கடை வச்சிருக்கான். கறுப்பா, ஒசரமா இருப்பான். பாத்திருப்பீங்களே?"

பார்த்ததில்லை என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. இறங்கும்வரைக்கும் அந்த அண்ணி தம்பியின் அங்க அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கேயாவது நான் பார்த்திருக்க மாட்டேனா என்று முயன்றுகொண்டே வந்தார். கடைசியில், போகிற வழியில் சமைத்துக்கொள்ளச் சொல்லி நாலு கத்தரிக்காயைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

தென்காசியில் முதலில் வரவேற்றது காற்று. மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று கோயில் வாசலில் ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. வேட்டியை ஒரு கையாலும் தொப்பியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், கோபுரம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. நடுவில் வானம் தெரிகிறது. இடி விழுந்தது என்றார் பூக்கடைக்காரர். தீப் பிடித்தது என்றார் பக்கத்துக் கடைக்காரர். இரண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். என் கை தன்னால் பைக்குள் போயிற்று. நான் பார்த்ததிலேயே பெரிய சேதம். ஆனால் அதற்குப் பக்கத்தில் அடிக்கோலை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கையை வெளியே எடுத்துவிட்டேன்.

தங்கிய ஓட்டலில் இட்லியும் காப்பியும் கிடைத்தன. எங்கள் ஊர் ஓட்டல் இட்லியை எறிந்தால் நாய்க்குக் காயம்படும்; இங்கே அது இலையில் விழும்போதே உடைகிறது. காப்பிக்குப் பழகாத வயிறு, பால் இல்லாத வெறும் தேநீர் கேட்டேன். பரிமாறியவர், "உடம்புக்குச் சொகமில்லையா?" என்று கவலையோடு விசாரித்தார். கத்தரிக்காயை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

எடுக்கிற படத்தை அங்கேயே கழுவிப் பார்த்துவிட வேண்டும் என்பதால், கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். உரிமையாளர் சாமுவேல் அண்ணாச்சி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விரலெல்லாம் மருந்துக் கறை. இருட்டறையைக் கொடுக்கச் சம்மதித்தார். உள்ளே போனால், சுவர் முழுக்கத் துணியில் வரைந்த குற்றால அருவி. எங்கள் வீட்டு மேசைக்கு வந்த அதே அருவி.

"நெஜ அருவி மூணு மைல்ல இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"சாரல் மாசத்துல அருவிக்கிட்ட காமிராவைக் கொண்டுபோனா லென்ஸ் பூரா தண்ணிலா. வாரவங்களுக்கு அருவியோட படம் வேணும். என்ன செய்ய? அருவியை இங்கன கொண்டாந்துட்டேன்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் பெருமை பொங்கியது.

"நம்ம வாத்தியாருக்கா? அந்தப் படம் எங்கையால எடுத்ததுலா! ரெண்டு நாள் வேல. நெகட்டிவ் மேல பென்சிலை வச்சு ஒவ்வொரு குழியா அடைச்சேன். ஒரு அம்மைத் தழும்பு தெரியுதான்னு பாருங்க பாப்போம்."

"அம்மைத் தழும்பா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மருந்துப் புட்டிகளை இடம் மாற்றி வைத்தார். பிறகு மெதுவாக, "தப்பா நினைக்காதீங்க," என்றார். "அவங்கம்மா படத்தை வாங்க வந்தா. பாத்துட்டு இங்கன உக்காந்து அழுதுட்டா. அம்மை வாருததுக்கு முந்தி எம்புள்ள இப்படித்தானய்யா இருப்பான்னு சொன்னா. நான் எடுத்த எந்தப் படத்தையும் அப்படி யாரும் பாத்ததில்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொண்டேன். முந்தானைக்குள் போன கை அப்போது நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை இலஞ்சிக்குக் குதிரை வண்டியில் புறப்பட்டேன். பாதி வழியில், ஒரு டீக்கடை வாசலில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் இறங்கவில்லை, குதிரையும் நகரவில்லை. சாட்டையை ஓங்கிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார்.

"நான் டீ குடிக்காம இந்தச் சவம் இங்கனயிருந்து எளகாது," என்றார். "பழகிருச்சி. நேத்தையிலிருந்து வயித்து வலி, டீ வேண்டாம்னு வைத்தியர் சொல்லியிருக்காரு. அது குதிரைக்குத் தெரியுமா?"

அவருக்குப் பதிலாக நான் இறங்கி ஒரு டீ குடித்தேன். குதிரை திரும்பிப் பார்த்தது, ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் அவரே இறங்கி வெறும் கிளாஸை வாயில் வைத்து எடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. கொழும்பு டிராம் வண்டிகளைப் பற்றி இனி நான் குறை சொல்வதாக இல்லை.

குற்றாலலிங்கம் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது. முகத்தில் இடமில்லாமல் தழும்பு. நான் பார்க்கிறேன் என்று தெரிந்து, பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

"பாத்துட்டீங்களா? இனி உள்ள வாங்க," என்றார்.

அவருடைய அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாக ஒதுங்கி நின்றார். அந்த முட்டை முகப் படத்தை அனுப்பியது அம்மாதான், தனக்குத் தெரியாது என்றார் மாப்பிள்ளை. குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை.

"பத்து வயசுல வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எனக்கு என்ன பேரு வச்சிருக்கானுவ தெரியுமா? பணியாரச் சட்டி. முதுகுக்குப் பின்னாலதான் சொல்லுவானுவ. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அப்ப உள்ளபடியே எடுக்கட்டுமா?"

"எடுங்க. கப்பல்ல வந்து எறங்கி, ஒரு பொண்ணு முதமுதலா என்னப் பாத்து மொகம் சுருங்குனா, நான் அதைப் பாத்துக்கிட்டு நிக்கணும்லா. சுருங்குதது கொழும்புலயே சுருங்கட்டும்."

சாரலுக்கு நடுவே நல்ல வெயில் அடித்தது. வெள்ளையடித்த பக்கச் சுவரில் அவரை நிறுத்தினேன். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்தது. எங்கள் தொழிலுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. என்னுடையது இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் காமிரா. குனிந்தால் பிறகு எதிரே நிற்பவர் முகத்தை நேராகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு சுருள் முழுக்க, பன்னிரண்டு படமும் எடுத்து முடித்தேன். மாப்பிள்ளை பள்ளியில் ஏதோ வேலை என்று கிளம்பிப் போனார்.

அம்மா சாப்பிடச் சொன்னார். சோறு, பருப்புக் குழம்பு, அவியல், அப்பளம். உங்கள் ஊரில் என்ன சாப்பாடு என்று கேட்டார். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் தினசரி உண்டு என்றேன்.

"தெனமும் சொதியா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இங்கன கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் தம்பி சொதி வைப்போம். ஒரே புள்ள. எங்கையால எப்ப வைக்கப் போறேனோ."

இலையில் இன்னொரு கரண்டி அவியலை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பாத்து எடுத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். அவியல் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அன்று சாயங்காலமே படத்தைக் கழுவினேன். சாரல் மாதத்தில் பிலிம் காயாது என்று சாமுவேல் அண்ணாச்சி கரியடுப்பு மூட்டி, எட்ட வைத்து, விசிறியால் வீசிக்கொண்டே காயவைத்தார். காகிதத்தில் படம் எழுந்து வந்தது. தொழில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஒவ்வொரு தழும்பும் தனித்தனியாக, கொத்துப் போட்ட அம்மிக்கல் மாதிரி. ஒன்றுகூட தப்பவில்லை.

சாமுவேல் அண்ணாச்சி படத்தை விளக்கருகில் பிடித்துப் பார்த்தார்.

"குறை சொல்லுதேன்னு நினைக்காதீங்க. தழும்பெல்லாம் இருக்கு. ஆளைத்தான் காணோம்."

வசந்தா சொன்னது போலவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "உங்க படத்துல மட்டும் ஆள் இருந்தாரா?" என்று கேட்டேன்.

"இல்லதான்," என்றார், கோபப்படாமல். "ஆனா ஆளை அழிக்க எனக்கு ரெண்டு நாளாச்சு. நீங்க ஒரு காலையில முடிச்சிட்டீங்க." பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "இது என்னது, பக்கத்துல நிக்குதது?" என்று கேட்டார்.

பார்த்தேன். மாப்பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு சிறிய ஆணியில் என் அடிக்கோல் நிமிர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு படத்திலும். எப்போது தொங்கவிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கை தன் வழக்கப்படி செய்துவிட்டிருக்கிறது. நான் வெட்கப்பட்டேன். பதினெட்டு வருஷத்தில் படம் எடுத்துவிட்டு வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை சைக்கிளில் ஓட்டலுக்கு வந்துவிட்டார். காட்டாமல் தப்பிக்கலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனார். வெகுநேரம் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே பேசினார்.

"என்னை அளந்துருக்கீங்க அண்ணாச்சி."

"தொழில் பழக்கம். வேணும்னு செய்யலை. வேற எடுத்துருதேன்," என்றேன். என் வாயிலும் அவர் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"வேண்டாம். இது நாந்தான். இதையே கொண்டுபோங்க." சிரித்தார், ஆனால் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதை நான் கவனித்தேன். "நல்ல சாரல் விழுது. குற்றாலம் வரைக்கும் வந்துட்டு அருவியைப் பாக்காம போனா உங்க பொண்ணு சிரிக்கும். கெளம்புங்க."

பஸ்ஸில் போனோம். ஒரு மைல் தாண்டியதும் பஸ் இருமி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கண்டக்டர் எங்களோடு தள்ளிக்கொண்டே, ஏறும்போது தப்பித்தவர்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தார். தள்ளுகிறவனிடம் எதற்கு டிக்கெட் என்று ஒரு பெரியவர் நியாயம் கேட்டார். "பஸ்ஸுலதானே கை வச்சிருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

எனக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"உங்க பொண்ணு படத்தை நானும் பாத்தேன். வலது கை இருக்கு. இடது கையைக் காணோம். அன்னைக்குக் குளிரா?"

நான் பஸ்ஸைத் தள்ளினேன். விஞ்ஞான வாத்தியார் கண்ணில் படாமல் போகும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அந்தப் படத்தை எடுத்தவன் நான் என்பதையாவது சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை.

"அது அவ சொல்ல வேண்டியது," என்றேன்.

"சரி," என்றார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது, ஓடிப்போய் ஏறினோம்.

குற்றாலத்தில் காற்றே ஈரமாக இருந்தது. எண்ணெய் வாசனை, வெற்றிலை வாசனை, பஜ்ஜி வாசனை. மங்குஸ்தான் பழம் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தெருத்தெருவாக விற்கும் பழம் என்பதால் நான் அலட்சியமாகப் பார்த்தேன். வாங்கித் தின்றபோது இது இனிப்பு அதிகம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பாறைகளில் வரிசையாக மனிதர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜில்லா ஜட்ஜும் ஜட்கா வண்டிக்காரரும் அந்த நிலையில் ஒன்றுதான். அருவியோ, சாமுவேல் அண்ணாச்சியின் துணி அருவி போல அடக்கமாக இல்லை. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை.

மாப்பிள்ளை குளிக்கப் போனார். நான் தூவானம் எட்டாத ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். புதுச் சுருள் போட்ட காமிரா துண்டில் சுற்றி மடியில் இருந்தது. பை பக்கத்தில் திறந்து கிடந்தது. அருவியைப் பார்த்தேன். எடுக்கலாமா என்று ஒரு நினைப்பு. எதை நிரூபிக்க என்று அடுத்த நினைப்பு. துண்டைப் பிரிக்கவில்லை.

பக்கத்தில் சரசரவென்று ஏதோ ஓடியது. திரும்புவதற்குள் ஒரு கிழட்டுக் குரங்கு, துணியில் சுற்றிய என் அடிக்கோலைத் தின்பண்டம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு, முன்னால் இருந்த மண்டபத்து விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. துணியைப் பிரித்து எறிந்தது. கோலை ஒரு முனையில் கடித்துப் பார்த்தது. நான் எழுந்து சத்தம் போட்டேன். குரங்கு என்னைப் பொருட்படுத்தவில்லை.

மாப்பிள்ளை சொட்டச் சொட்ட ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும் கடையில் ஒரு வாழைப்பழம் வாங்கிவந்து, மண்டபத்துக்குக் கீழே நின்று, மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, அது தின்னுத சாமானில்ல. வெறும் கட்டை. அவுக கொழும்புலயிருந்து வந்திருக்காக. ஊருக்கு வந்த விருந்தாளிகிட்ட இப்படிச் செய்யலாமா? பழத்தை வாங்கிக்கிட்டு அதைக் குடுத்துருங்க."

குரங்கு யோசித்தது. இறங்கி வந்து ஒரு கையால் பழத்தை வாங்கிக்கொண்டது. இன்னொரு கையில் அடிக்கோலைப் பிடித்தபடியே பழைய இடத்துக்குப் போய், கோலைத் தன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பழத்தை உரித்தது.

சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்து, தலையை அண்ணாந்து, வாய் கொள்ளாமல் சிரித்தார். "என்னை அளந்தது போதும்னு வாங்கிக்கிட்டாருவே!" என்றார். நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்து அந்தக் குழிகளில் எல்லாம் தங்கித் தங்கி இறங்கியது.

அப்போது என் கையில் துண்டு இல்லை. காமிரா இருந்தது. விசையை அழுத்திவிட்டிருந்தேன். எதை நிரூபிக்கிறது என்ற கேள்வி, வழக்கம்போல வந்தது. ஆனால் படம் எடுத்த பிறகு வந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததை இங்கே வரிசையாக எழுதினால் சிரிப்பீர்கள். பஜ்ஜிச் சட்டியின் புகை சாரலில் கலப்பதை எடுத்தேன். பாறையில் காய்கிற ஈரவேட்டி காற்றில் எழுந்து நிற்பதை எடுத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து வெளியே வந்த ஒரு கிழவி, கூந்தலைப் பிழிந்துகொண்டே சுருட்டுக்கு நெருப்புக் கேட்டதை, அவளிடம் சொல்லிவிட்டே எடுத்தேன். "எடுத்துக்கோ, என்ன கொறஞ்சா போகுது," என்றாள். குனிந்து பார்த்த காமிராக் கண்ணாடியில் அருவி இடம் வலம் மாறி விழுந்துகொண்டிருந்தது. சுருள் முடிந்ததுகூட தெரியாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை. இருபத்தெட்டு வயதில் மழையில் நின்ற அதே ஆள் இத்தனை நாள் எங்கே போயிருந்தான் என்று துக்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை அதைக் கழுவினோம். மாப்பிள்ளை சிரிக்கிற படத்தின் ஒரு மூலையில், லென்ஸில் விழுந்த துளியால் மங்கலாக ஒரு வட்டம். தழும்புகள் இருந்தன, ஆனால் சிரிப்பைப் பார்த்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டன. சாமுவேல் அண்ணாச்சி பென்சிலைக் காதில் செருகியபடி நெகட்டிவை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எனக்கு வேலையில்ல," என்று திருப்பிக் கொடுத்தார். அடிக்கோல் படத்தையும் இதையும் இரண்டிரண்டு பிரதி போட்டேன். சிரிப்புப் படத்தில் ஒன்றை மாப்பிள்ளையின் அம்மாவிடம் சேர்க்கச் சொன்னேன்.

திரும்புகிற வழியெல்லாம் எனக்கு ஒரே உறுத்தல். வசந்தா என்னிடம் கேட்டது சேதப் படம். இந்தச் சிரிப்புப் படம் சாட்சி இல்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று என்று நான் சொல்கிற பேச்சு அது. அவள் வாழ்க்கையில் என் பேச்சை நுழைக்கலாமா? கப்பலில் இரண்டு தடவை அதைத் தனியாக எடுத்து வைத்தேன். இரண்டு தடவையும் திரும்ப உறைக்குள் போட்டேன்.

கொழும்பில் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். அக்கா முதல் படத்தைப் பார்த்ததும் "ஐயோ" என்று எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். வசந்தா அடிக்கோல் படத்தை எடுத்தாள்.

"அம்மையா மாமா?"

"ஆமா. பத்து வயசுல."

முகம் சுருங்குகிறதா என்று பார்த்தேன். நெற்றி மட்டும் சுருங்கியது, கணக்குப் போடுகிற மாதிரி. பிறகு சிரிக்கிற படத்தை எடுத்தாள்.

"எதைப் பார்த்துச் சிரிக்கிறார்?"

"என் அடிக்கோலை. குரங்கு தூக்கிட்டுப் போயிட்டுது."

மீதிப் படங்களைப் புரட்டினாள். புகை, வேட்டி, சுருட்டுக் கிழவி. "இதெல்லாம் எதுக்கு எடுத்தீங்க?"

"சும்மா," என்றேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மானேஜரிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான் என்று தோன்றியது. "எனக்குப் பிடிச்சிருந்துது."

அவள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறைக்க மனம் வராமல், பஸ் தள்ளியபோது அவர் கேட்டதையும் சொன்னேன். வலது கை இருக்கிறது, இடது கையைக் காணோம், அன்றைக்குக் குளிரா என்று கேட்டதை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ சொல்ல வேண்டியதுன்னு சொன்னேன்."

வசந்தா எழுந்து உள்ளே போனாள். சரிதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவள் கையில் தம்பியின் பள்ளிக்கூட அடிக்கோல் இருந்தது. சன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. முந்தானையை விலக்கி, இடது கையை மேசை மேல் நீட்டி, அதன் பக்கத்தில் அடிக்கோலை நேராக வைத்தாள்.

"அவரை அளந்தாச்சுல்ல. என்னையும் எடுங்க. அவருக்கு அனுப்பணும்."

அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். நான் காமிராவை எடுத்துக்கொண்டு குனிந்தேன். கண்ணாடியில் கை தெரிந்தது, அடிக்கோல் தெரிந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்து, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்கோலை எடுத்துட்டு ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம்," என்றாள். "முதல்ல இதை எடுங்க மாமா."